தர்மபுரி, கிருஷ்ணகிரியில் இருந்தபடியே விண்கலத் தரவில் ஆய்வு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரண்டு மாவட்டங்களிலும் இயற்பியல், புவியமைப்பியல் படிக்கும் கல்லூரி மாணவர்களும் அவர்களுக்கு புராஜெக்ட் கொடுக்கும் ஆசிரியர்களும் வழக்கமாகக் கேட்பவை இவை. வரிசைப்படி படிக்க வேண்டியதில்லை. உங்களுக்கு வேண்டியதை மட்டும் பாருங்கள்.

எங்கள் கல்லூரியில் நல்ல டெலஸ்கோப்பே இல்லை. வானியல் ஆய்வு என்று எதைச் செய்வது?

இன்று வெளிவரும் கோள் ஆய்வுகளில் பெரும்பங்கு, ஏற்கெனவே பதிவாகிக் கிடக்கும் தரவை எடுத்துச் செய்வதுதான். வேறு விண்மீன்களின் கோள்களைத் தேட ஏவிய டெஸ், கெப்ளர், நிலாவை ஆராய ஏவிய லூனார் ரிகனைசன்ஸ் ஆர்பிட்டர், சந்திரயான் 1, சந்திரயான் 2, விண்வெளித் தொலைநோக்கி ஆஸ்ட்ரோசாட், சூரியனைப் பார்க்கும் ஆதித்யா எல்1 என எல்லா விண்கலங்களின் தரவும் காசில்லாமல் கிடைக்கிறது. அரூரில் உட்கார்ந்து இறக்கினாலும் அமெரிக்காவில் உட்கார்ந்து இறக்கினாலும் கோப்பு ஒன்றுதான். நம்மிடம் குறைவது தரவல்ல, குறுகலான கேள்வி. “செவ்வாயைப் பற்றி ஆய்வு” என்று தொடங்கும் புராஜெக்ட் மூன்று மாதத்தில் இணையத்திலிருந்து படங்களைச் சேர்த்த ஆல்பமாக முடியும். “இந்த ஒரு பள்ளத்தின் ஆழம் எவ்வளவு, அதில் பிழை எவ்வளவு” என்று தொடங்கினால் கையில் ஒரு எண் நிற்கும்.

என்ன கம்ப்யூட்டர் வேண்டும்? நெட் போதுமா?

8 ஜிபி ராம் உள்ள சாதாரண லேப்டாப் போதும். அதுவும் இல்லையென்றால் கூகுள் கோலாப் என்ற இணையச் சேவையில் பைத்தான் ஓட்டலாம். அங்கே தரவு நேராக அவர்கள் சர்வருக்குப் போய்விடுவதால் உங்கள் மொபைல் டேட்டா தீராது. விண்மீனின் வெளிச்சம் நேரத்தோடு எப்படி மாறுகிறது என்று காட்டும் வரைபடம்தான் ஒளிவளைவு. 2 நிமிடத்துக்கு ஒரு புள்ளி உள்ள டெஸ் ஒளிவளைவுக் கோப்பு ஒன்று 2 எம்பி அளவுதான். அதே விண்மீனைச் சுற்றிய சிறு படங்களைக் கொண்ட பிக்சல் கோப்பு 40 எம்பியைத் தாண்டும். நிலாப் படங்கள்தான் ஆளை விழுங்கும்: லூனார் ரிகனைசன்ஸ் ஆர்பிட்டரின் குறுகோணக் கேமரா எடுத்த ஒரு படம் 5,064 பிக்சல் அகலம், 52,224 வரி நீளம். பிக்சலுக்கு ஒரு பைட் என்றாலே 260 எம்பிக்கு மேல். அளவீடு சரிசெய்த பதிப்பு அதைப்போல் இரு மடங்கு. கரண்ட் போய் வரும் ஊர்களில், பாதியில் நின்றால் விட்ட இடத்திலிருந்து தொடரும் டவுன்லோடரைப் பயன்படுத்துங்கள். இறக்கியபின் கோப்பின் அளவைத் தளத்தில் போட்டிருக்கும் அளவோடு ஒப்பிடுங்கள். பாதிக் கோப்பும் சில நேரம் திறக்கும். படத்தின் கீழ்ப்பகுதி மட்டும் கறுப்பாக இருக்கும், அதைப் பார்த்து நிழல் என்று எழுதிவைப்பவர்கள் உண்டு.

முதல் புராஜெக்டுக்கு எந்தத் தரவு நல்லது?

இயற்பியல் மாணவருக்கு டெஸ். புவியமைப்பியல் மாணவருக்கு நிலாப் படங்கள். ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கியின் தரவில் கை வைக்க எல்லோருக்கும் ஆசைதான். ஆனால் அதன் நிறமாலைத் தரவைச் சுத்தம் செய்யவே ஒரு செமஸ்டர் போய்விடும். பல தரவுகள் ஓராண்டு வரை அவற்றைக் கேட்டு வாங்கிய குழுவுக்கு மட்டுமே திறந்திருக்கும்.

டெஸ் தரவில் ஒரு கோளின் அளவைக் கணக்கிடுவது எப்படி? படிப்படியாகச் சொல்லுங்கள்.

டெஸ் 2018 ஏப்ரல் 18 அன்று ஏவப்பட்டது. நான்கு கேமராக்கள் சேர்ந்து 24 டிகிரிக்கு 96 டிகிரி வானத் துண்டு ஒன்றைச் சுமார் 27 நாள் தொடர்ந்து பார்க்கும். அந்தத் துண்டுக்குப் பெயர் செக்டார். கோள் தன் விண்மீனுக்குக் குறுக்கே போகும்போது வெளிச்சம் சற்றுக் குறையும். இதுதான் கடப்பு. அந்தக் குறைவின் ஆழம்தான் கோளின் அளவைச் சொல்கிறது.

பழக எடுத்துக்கொள்ள வாஸ்ப்-18 நல்ல விண்மீன். டெஸ் பட்டியலில் அதன் எண் 100100827. கோள் 0.94 நாளுக்கு ஒருமுறை சுற்றுகிறது, ஒரே செக்டாரில் இருபதுக்கு மேற்பட்ட கடப்புகள் கிடைத்துவிடும்.

1. பைத்தானில் லைட்கர்வ் தொகுப்பை நிறுவி, இந்த எண்ணைக் கொடுத்துத் தேடுங்கள். பல குழுக்கள் தயாரித்த பதிப்புகள் வரும். ஸ்பாக் என்ற அதிகாரப்பூர்வப் பதிப்பில் 120 நொடி இடைவெளியுள்ளதை எடுங்கள்.

2. கோப்பில் இரண்டு ஒளி அளவுகள் இருக்கும். சாப் என்பது பிக்சல்களைக் கூட்டியது மட்டும். பிடிசிசாப் என்பது கருவியின் தள்ளாட்டத்தை நீக்கி, பக்கத்து விண்மீன்களின் வெளிச்சத்தையும் கழித்தது. கோள் ஆழத்துக்கு இரண்டாவது. ஆனால் மெதுவாக மாறும் விண்மீன்களை ஆராய்பவர்கள் இதை நம்பக்கூடாது. கருவிக் கோளாறு என்று நினைத்து உண்மையான மாற்றத்தையும் சேர்த்தே துடைத்துவிடும்.

3. மதிப்பில்லாத வரிகளையும் தரக் குறியீடு பூஜ்ஜியம் அல்லாத வரிகளையும் நீக்குங்கள்.

4. வளைவைச் சமப்படுத்துங்கள், அதாவது அதன் மெதுவான ஏற்ற இறக்கத்தை நீக்குங்கள். பெரும்பாலான புராஜெக்டுகள் கெடும் இடம் இதுதான். ஒரு நேரத்தில் எத்தனை புள்ளிகளைச் சேர்த்துப் பார்ப்பது என்பதுதான் சாளரம். லைட்கர்வில் அது தானாக 101 புள்ளி. 2 நிமிட இடைவெளியில் அது மூன்றரை மணி நேரம்கூட இல்லை. வாஸ்ப்-18 கடப்பு இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். சாளரம் கடப்புக்கு இவ்வளவு நெருக்கமாக இருந்தால் மென்பொருள் அந்தக் குழியையே தள்ளாட்டம் என்று எடுத்துக்கொண்டு பாதியைத் தூர்த்துவிடும். கோள் சிறியதாகத் தெரியும். கடப்பு நேரங்களை மறைத்துவிட்டு, 401 அல்லது அதற்கு மேற்பட்ட ஒற்றைப்படை எண்ணில் சமப்படுத்துங்கள்.

5. திரும்பத் திரும்ப வரும் பெட்டி வடிவக் குழியைத் தேடும் பெட்டி வடிவத் தேடலை, சுற்றுக் காலம் 0.5 முதல் 5 நாள் வரை ஓட்டுங்கள். 0.94 வர வேண்டும். 1.88 வந்தால் இரட்டைக் காலத்தில் மாட்டியிருக்கிறீர்கள்.

6. எல்லாக் கடப்புகளும் ஒன்றின்மேல் ஒன்றாக விழும்படி வளைவை அந்தக் காலத்தில் மடித்து அடுக்குங்கள். குழியின் ஆழம் ஏறத்தாழ 0.0095 வரும். அதன் வர்க்கமூலம் 0.0975. விண்மீனின் ஆரம் சூரியனைப்போல் 1.24 மடங்கு என்று எடுத்தால் கோளின் ஆரம் 0.121 சூரிய ஆரம். சூரிய ஆரம் வியாழனைப்போல் 9.73 மடங்கு. ஆக 1.18 வியாழ ஆரம். வெளியான அளவுகளுக்கு வெகு அருகில்.

குழியின் அடி தட்டையாக இல்லாமல் கிண்ணம்போல் இருப்பது பிழையல்ல. விண்மீன் வட்டின் ஓரம் நடுவைவிட மங்கல் என்பதால் அப்படி. துல்லியம் வேண்டுமானால் ஓரமங்கலைச் சேர்த்த மாதிரியைப் பொருத்த வேண்டும். மடித்த வளைவில் சரியாக அரைச் சுற்று தள்ளிப் பாருங்கள்: கோள் விண்மீனுக்குப் பின்னால் மறையும்போது 0.034 விழுக்காடு அளவுக்கு ஒரு சின்னக் குறைவு. புள்ளிகளைத் தொகுத்துச் சராசரி எடுத்தால்தான் தெரியும். அது தெரிந்துவிட்டால் உங்கள் முறை சரி என்று தைரியமாகச் சொல்லலாம்.

ஒரு விண்மீனில் குழி தெரிகிறது, பட்டியலில் கோள் இல்லை. கண்டுபிடித்துவிட்டோமா?

பெரும்பாலும் இல்லை. டெஸ்ஸின் ஒரு பிக்சல் வானத்தில் 21 ஆர்க்செகண்ட் (ஒரு டிகிரியில் 3,600 ஆர்க்செகண்ட்). அந்தக் கட்டத்துக்குள் பத்து விண்மீன்கள்கூட இருக்கலாம். பக்கத்தில் எங்கோ ஒன்றையொன்று மறைக்கும் இரட்டை விண்மீன் இருந்தால், அதன் ஆழமான மறைப்பு உங்கள் விண்மீனின் வெளிச்சத்தில் கரைந்து கோளைப்போல் சின்னக் குழியாக வரும்.

செய்ய வேண்டியவை: ஒற்றைப்படை வரிசைக் கடப்புகளையும் இரட்டைப்படையையும் தனித்தனியாக மடியுங்கள். ஆழம் வேறாக இருந்தால் அது இரட்டை விண்மீன். குழி கூர்மையான தலைகீழ்க் கூம்பாக இருந்தாலும் அதே சந்தேகம். பிக்சல் கோப்பை இறக்கி, குழி நேரத்தில் எந்தப் பிக்சல் மங்குகிறது என்று பாருங்கள். கையா விண்கலம் தயாரித்த விண்மீன் பட்டியலில் ஒரு ஆர்க்நிமிடச் சுற்றில் யார் யார் இருக்கிறார்கள் என்று எடுங்கள். இவ்வளவும் தாண்டினால் பிறகு பேசலாம்.

குழி 13, 14 நாளுக்கு ஒருமுறை வந்தால் இன்னும் எச்சரிக்கை. டெஸ் பூமியை 13.7 நாளுக்கு ஒருமுறை சுற்றுகிறது. பூமி, நிலாவின் சிதறொளி அந்தத் தாளத்தில்தான் கேமராவுக்குள் வரும்.

எங்கள் கடப்பு நேரம் வெளியானதோடு சில நிமிடம் தள்ளி நிற்கிறது. ஏன்?

நேரக் கணக்கு. டெஸ் கோப்பில் இருக்கும் நேரத்தோடு 2,457,000 கூட்டினால்தான் முழு ஜூலியன் நாள் (வானியலில் நாட்களைத் தொடர்ந்து எண்ணும் கணக்கு). கெப்ளருக்கு அது 2,454,833. இவை சூரியக் குடும்பத்தின் ஈர்ப்பு மையத்துக்கு மாற்றிய நேரங்கள். தரையில் நாம் குறிக்கும் நேரத்துக்கும் அதற்கும் ஒளிப் பயணத்தால் மட்டுமே 8 நிமிடத்துக்குச் சற்று மேல் வரை, முன்னேயோ பின்னேயோ, வித்தியாசம் வரும். அதுபோக லீப் நொடிகள் தொடர்பான 69 நொடி.

நமக்கு ஒரு வசதி உண்டு. ஜூலியன் நாள் உலக நேரப்படி நண்பகலில் மாறும், அது நமக்கு மாலை 5:30. அதனால் நம் இரவு முழுவதும் ஒரே ஜூலியன் நாளில் அடங்கிவிடும். ஆனால் ஐந்தரை மணி நேரத்தைக் கழிக்க வேண்டிய இடத்தில் கூட்டிவிடுவது வருடா வருடம் நடக்கிறது. பிழை சரியாக 11 மணி நேரம் என்று வந்தால் வேறெங்கும் தேடாதீர்கள்.

சந்திரயான் 2 தரவு எங்கே கிடைக்கும்?

பெங்களூருக்குப் பக்கத்தில் பியாலாலுவில் இருக்கும் இந்திய விண்வெளி அறிவியல் தரவு மையத்தின் பிரதான் தளத்தில். மின்னஞ்சல் கொடுத்துப் பதிவு செய்தால் போதும். ஒவ்வொரு தரவோடும் ஒரு எக்ஸ்எம்எல் லேபிள் கோப்பு வரும். அதை வேண்டாததென்று அழிக்காதீர்கள். எத்தனை வரி, எத்தனை பத்தி, எண் எந்த வகை, பைட் வரிசை எது, எந்த எண்ணால் பெருக்க வேண்டும் என்பதெல்லாம் அதில்தான். படம் உப்பும் மிளகும் தூவியதுபோல் வந்தால் பைட் வரிசை தலைகீழ். சாய்ந்த கோடுகளாக வந்தால் பத்தி எண்ணிக்கை தவறு.

எந்தக் கருவி எதற்கு என்பது முக்கியம். சந்திரயான் 2-இன் ஓஹெச்ஆர்சி கேமரா 100 கிமீ உயரத்திலிருந்து பிக்சலுக்கு 25 செமீ காட்டும், ஆனால் நிலாவில் சிறு பகுதிகளை மட்டுமே எடுத்திருக்கிறது. டிஎம்சி-2 கேமரா பிக்சலுக்கு 5 மீட்டர், மேடுபள்ளக் கணக்குக்கு ஏற்றது. ஐஐஆர்எஸ் கருவி எடுப்பது 0.8 முதல் 5 மைக்ரான் வரை அகச்சிவப்பு நிறமாலை.

கிளாஸ் கருவியைத் தேர்ந்தெடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அது நிலாத் தரையிலிருந்து வரும் எக்ஸ் கதிர்களைப் பார்த்து மக்னீசியம், அலுமினியம், சிலிக்கான், கால்சியம், இரும்பு போன்ற தனிமங்களைக் கண்டறியும். ஆனால் தரையைத் தூண்டிவிட வேண்டியது சூரியன்தான். சூரியன் அமைதியாக இருந்த நாளில் கால்சியம், இரும்புக் கோடுகள் வரவே வராது. முதலில், சூரியனின் எக்ஸ் கதிரை அளக்கும் எக்ஸ்எஸ்எம் கருவியின் தரவில் சூரியத் தீப்பிழம்பு வந்த நேரங்களைப் பட்டியலிடுங்கள், பிறகு அந்த நேரத்து கிளாஸ் கோப்பை மட்டும் இறக்குங்கள். பௌர்ணமியை ஒட்டிய சுமார் ஆறு நாளை விட்டுவிடுங்கள். நிலா அப்போது பூமியின் காந்த வாலுக்குள் இருக்கும், மின்துகள்களின் இரைச்சல் ஏறிவிடும்.

நிழலை வைத்துப் பள்ளத்தின் ஆழம் எப்படி?

உயரம் = நிழல் நீளம் × சூரிய உயரக் கோணத்தின் டான். லேபிளில் பெரும்பாலும் படுகோணம் (சூரியன் தலைக்கு நேர் உச்சியிலிருந்து விலகிய கோணம்) கொடுத்திருப்பார்கள். 90-லிருந்து அதைக் கழித்தால் சூரிய உயரம். படுகோணம் 75, நிழல் 400 மீட்டர் என்றால் 400 × 0.268 = 107 மீட்டர்.

நிழலின் முனை கத்தி வெட்டியதுபோல் இருக்காது. சூரியன் புள்ளியல்ல, அரை டிகிரி அகல வட்டு. மேலே சொன்ன கணக்கில் முனை மட்டும் 15 மீட்டருக்கு மங்கிக் கிடக்கும். பிக்சலுக்கு அரை மீட்டர் படத்தில் அது 30 பிக்சல். நடுவை எடுங்கள், பாதியைப் பிழையாக எழுதுங்கள். நீளத்தைச் சூரியத் திசையில் அளக்க வேண்டும், படத்தின் வரி திசையில் அல்ல. கிடைப்பது விளிம்புக்கும் நிழல் முனை விழுந்த இடத்துக்கும் உள்ள வித்தியாசம். முனை பள்ளத்தின் சரிவிலேயே நின்றுவிட்டால் அது ஆழமாகாது. வேறு சூரியக் கோணத்தில் எடுத்த படம் தேடுங்கள். அதிகம் சிதையாத எளிய பள்ளங்களில் ஆழம் விட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு அளவில் இருக்கும். உங்கள் விடை பாதிக்குப் பாதி என்று வந்தால் கணக்கைத் திரும்பப் பாருங்கள்.

க்யூஜிஸ் வரைபட மென்பொருளில் நிலாவின் 10 கிமீ பள்ளம் 37 கிமீ காட்டுகிறது.

மென்பொருள் பூமியின் ஆரத்தை எடுத்துக்கொண்டிருக்கிறது. 6,378-ஐ 1,737.4-ஆல் வகுத்தால் 3.67. புராஜெக்டின் ஆய அமைப்பை நிலாவுக்கு மாற்றுங்கள். நிலாவின் நடுக்கோட்டில் ஒரு டிகிரி 30.3 கிமீ. இதை மனப்பாடமாக வைத்திருந்தால் இந்தப் பிழை கண்ணில் உடனே படும். தீர்க்கரேகை 0 முதல் 360 வரையா, -180 முதல் 180 வரையா என்பதையும் பாருங்கள்.

கிருஷ்ணகிரிக் கல்லை வைத்து நிலா ஆய்வு செய்ய முடியும் என்கிறார்களே, உண்மையா?

ஓரளவு உண்மை. இந்த இரு மாவட்டங்களையும் கிழக்கு மேற்காக வெட்டிப் போகும் டோலரைட் டைக்குகள் (பாறைப் பிளவுகளில் எரிகுழம்பு ஏறி உறைந்த கருங்கல் சுவர்கள்) சுமார் 237 கோடி ஆண்டு பழையவை. பாலிஷ் போட்டு “பிளாக் கிரானைட்” என்று விற்பது பெரும்பாலும் இதைத்தான். பெயரில் கிரானைட், உள்ளே பைராக்ஸீனும் பிளாஜியோகிளேஸும். நிலாவில் கருந்திட்டாகத் தெரியும் சமவெளிகளின் எரிமலைக் கல்லிலும் இவைதான் முக்கியக் கனிமங்கள். நிலாவின் வெளிறிய மேட்டுநிலத்துக்கு இணையான அனார்த்தோசைட் என்ற கல் நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டியில் இருக்கிறது. இஸ்ரோ தரையிறங்கியையும் ரோவரையும் சோதிக்க அங்கிருந்துதான் கல் எடுத்துச் செயற்கை நிலாமண் செய்தது. சந்திரயான் 3-இன் ரோவர் பிரக்யான் 2023-இல் தென்துருவத்தை நோக்கிய பகுதியில் 23 இடங்களில் அளந்த மண்ணும் அனார்த்தோசைட் வகையே.

டோலரைட்டின் நிறமாலையை எடுத்து, சந்திரயான் 1-இல் போன எம்3 நிறமாலைக் கருவியின் தரவோடு ஒப்பிடுவது நல்ல எம்எஸ்சி புராஜெக்ட். பாலிஷ் பட்டறைக் கழிவுத் துண்டே போதும், கேட்டு வாங்குங்கள். மேல்தோலைக் கழித்துவிட்டு உள்ளே உள்ள புதுக் கல்லை மட்டும் எடுங்கள். வெயில் மழை பட்ட தோலில் துருவேறிய இரும்பு 0.9 மைக்ரான் பக்கம் ஒரு குழி போடும். அதைப் பார்த்துக் கால்சியம் குறைந்த பைராக்ஸீன் என்று எழுதிவிடுவீர்கள். இரும்பு உரலில் இடிக்காதீர்கள், அகேட் உரல் வேண்டும். 45-க்கும் 75-க்கும் இடைப்பட்ட மைக்ரான் சலிப்பில் சலியுங்கள். பளபளக்கும் பாலிஷ் முகத்தில் நேராக நிறமாலை எடுத்தால் கண்ணாடிபோல் எதிரொளித்து எல்லாம் கெடும்.

கால்சியம் குறைந்த பைராக்ஸீனுக்கு 0.9, 1.9 மைக்ரான் பக்கம் குழிகள். கால்சியம் மிகுந்ததற்கு 1.0, 2.2 பக்கம். டோலரைட்டில் பெரும்பாலும் இரண்டாவது. உங்கள் பொடியில் 1.4-லும் 1.9-லும் கூர்மையான குழி தெரிந்தால் அது தண்ணீர் அல்லது நீரேறிய கனிமம், நிலாவோடு ஒப்பிட வேண்டாம். நிலாவில் குழிகள் ஆழம் குறைந்தே இருக்கும். சூரியக் காற்றும் நுண்கற்களும் மண்ணை மேலும் கறுப்பாக்கிச் சிவப்பேற்றியிருக்கும். அதனால் ஆழத்தை ஒப்பிடாமல் குழியின் மையம் எங்கே என்பதை ஒப்பிடுங்கள். 2.5 மைக்ரானுக்கு மேல் நிலாத் தரையின் சொந்தச் சூடு கலந்துவிடும், அதை நீக்காமல் அந்தப் பக்கம் எதுவும் சொல்லக்கூடாது.

எங்களிடம் 8 இன்ச் டெலஸ்கோப்பும் கேமராவும் உண்டு. விண்கலத் திட்டத்துக்கு உதவுமா?

உதவும். வேறு விண்மீன்களின் கோள்களை ஆராய ஐரோப்பா திட்டமிட்ட ஏரியல் விண்கலத்துக்குக் கடப்பு நேரங்கள் துல்லியமாக வேண்டும். எக்ஸோகிளாக் என்ற திட்டத்தில் தரையிலிருந்து அளந்து அனுப்பலாம். நாசாவின் எக்ஸோபிளானட் வாட்ச் அதேபோல் இன்னொன்று. நமக்கு வாஸ்ப்-43 விண்மீன் தோதானது: வெளிச்ச அளவு 12.4, கடப்பின் ஆழம் 2.5 விழுக்காடு, அதன் கால அளவு 1.2 மணி நேரம். மாசி, பங்குனியில் நள்ளிரவை ஒட்டி உச்சிக்கு வரும். தர்மபுரியில் அப்போது 68 டிகிரி உயரம், வானமும் தெளிவு.

கடப்புக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் சேர்த்து எடுங்கள். 60 நொடிப் படங்கள், மிகப் பிரகாசமான பிக்சல்கூட கேமரா தாங்கும் அளவில் 70 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. லேப்டாப் கடிகாரத்தை இணைய நேரத்தோடு பூட்டுங்கள். டெலஸ்கோப்பைத் தாங்கும் மவுன்ட் நடுவில் புரண்டு திரும்பினால் வளைவில் படி விழும், அதனால் அது கடப்புக்கு வெளியே நடக்கும்படி திட்டமிடுங்கள். ஓசூரில் இருப்பவர்கள் கொஞ்சம் வெளியே, தேன்கனிக்கோட்டைப் பக்கம் போவது நல்லது.

காவலூருக்குப் போனால் இதற்குப் பயன் உண்டா?

தரவு எடுக்க அல்ல, முறையைப் பார்க்க. வைணு பாப்பு ஆய்வகம் ஊத்தங்கரைக்காரர்களுக்குப் பக்கத்து மாவட்டம்தான், 2.34 மீட்டர் டெலஸ்கோப் அங்கே இருக்கிறது. அங்குள்ள 1 மீட்டர் டெலஸ்கோப்பில் 1972-இல் கேனிமீட் ஒரு விண்மீனை மறைத்ததையும், 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் வளையங்கள் ஒரு விண்மீனை மறைத்ததையும் பதிவு செய்தார்கள். ஒளிவளைவில் குழி தேடும் அதே வேலைதான். பொதுமக்கள் பார்வை நாளை இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் தளத்தில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

பிளஸ் டூ மாணவருக்கு ஏதாவது?

சோஹோ விண்கலத்தின் படங்களில் வால்மீன் தேடல். 1995-இல் ஏவிய அந்தச் சூரிய விண்கலத்தின் படங்களில் 2024 மார்ச்சில் 5,000-ஆவது வால்மீன் கிடைத்தது. பெரும்பாலானவற்றைக் கண்டவர்கள் சம்பளமில்லாத ஆர்வலர்கள். அடுத்தடுத்த ஐந்தாறு படங்களில் ஒரே திசையில், ஒரே சீராக நகரும் புள்ளிதான் வேண்டும். ஒரே படத்தில் வந்து மறைந்தால் அது காஸ்மிக் கதிர். இடமும் வலமும் கோடு நீட்டிக்கொண்டு பிரகாசமாக நின்றால் அது கோள்.

இரண்டாயிரம் ரூபாய் கொடுத்தால் நான்கு நாளில் இதழில் போடுவதாக மெயில் வந்தது. போடலாமா?

வேண்டாம். ஒருவரும் படிக்காமல் அச்சேறும் கட்டுரை பின்னால் நேர்காணலில் உங்களுக்கு எதிராகவே கேள்வியாகத் திரும்பும். அந்தக் காசில் ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க் வாங்க முன்பணம் கட்டுங்கள்.

நாங்கள் எடுத்த கேள்வியை யாரோ ஏற்கெனவே செய்துவிட்டார்கள். விட்டுவிடலாமா?

ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் நாசாவின் ஏடிஎஸ் தளத்தில் விண்மீன் பெயரையோ பள்ளத்தின் பெயரையோ போட்டு அதைத் தொடங்கும் முன்பே பார்த்திருக்க வேண்டும். பார்த்தபின் விட வேண்டியதில்லை. அவர்கள் இரண்டு செக்டார் பயன்படுத்தியிருந்தால், அதற்குப்பின் டெஸ் அதே இடத்துக்கு மீண்டும் வந்திருக்கும். புது செக்டார்களையும் சேர்த்துச் சுற்றுக் காலத்தைத் திரும்பக் கணக்கிடுங்கள். இடைவெளி கூடக்கூடச் சுற்றுக் காலத்தின் பிழை குறையும். அவர்கள் சொன்ன எண்ணை உங்கள் முறையில் முதலில் திரும்ப எடுத்துக் காட்டுங்கள், பிறகு உங்கள் எண்ணைப் பக்கத்தில் வையுங்கள். இரண்டும் பிழை எல்லைக்குள் ஒத்துப்போகவில்லையென்றால், முதலில் சமப்படுத்தும் சாளரத்தைப் பாருங்கள்.